ஏரியில் ஃப்ளை தூண்டிலில் டிரவுட் பிடிப்பதும் பத்திரமாகத் திரும்ப விடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கம்லூப்ஸ் நகரைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் முழுக்கச் சிறுசிறு ஏரிகள். டங்க்வா, ரோச், லாக் லெ ஜூன் என்று ரெயின்போ டிரவுட் என்னும் நன்னீர் மீனுக்குப் பெயர்போன ஏரிகள் பல இங்கேதான் இருக்கின்றன. வான்கூவர், சர்ரே பக்கமிருந்து வரும் நம் ஆட்களையும் இப்போது படகுத்துறைகளில் பார்க்க முடிகிறது. என்னோடு படகில் ஏறுபவர்களும் தொலைபேசியில் விசாரிப்பவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன்.

பிடிப்பதைவிட விடுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும். பிடிக்கும் வித்தையை யாரும் சொல்லித்தந்துவிடுவார்கள். விட்ட மீன் ஏரியின் அடியில் போய்ச் செத்தால் அது நம் கண்ணில் படாது. அதனால் அந்தப் பாடத்தை ஏரி நமக்குத் தானாகக் கற்றுத்தருவதில்லை.

ஃப்ளை என்றால் என்ன? புழுவும் இல்லை, மாவும் இல்லை, பிறகு மீன் எதற்காகக் கடிக்கிறது?

தூண்டில் முள்ளின்மேல் நூல், இறகு, மயிர், சிறு மணி ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. டிரவுட் அன்றாடம் தின்னும் பூச்சியின் உருவம், நிறம், அசைவு மூன்றும் அதில் இருந்தால் மீன் வாயைத் திறக்கிறது.

கம்லூப்ஸ் ஏரிகளில் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய பூச்சி கைரானமிட். பார்க்கக் கொசுவைப் போல இருக்கும், ஆனால் கடிக்காது. இதன் புழு ஏரியடிச் சேற்றில் வாழ்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பிழைக்க உதவும் ஹீமோகுளோபின் உடலில் இருப்பதால் பல புழுக்கள் ரத்தச் சிவப்பாக இருக்கும். கூட்டுப்புழுவானதும் சேற்றைவிட்டு மெதுவாக மேலே ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சோற்றுப் பருக்கை நீளம், கறுத்த உடல், அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வரிகள், தலையில் வெள்ளைக் குஞ்சமாகச் செவுள். தோலுக்கடியில் சேர்ந்த வாயுவினால் வெயிலில் வெள்ளிபோல் மின்னும். கறுப்பு நூல், சிவப்புக் கம்பி, வெள்ளை மணி கொண்டு 14-ஆம் எண் முள்ளில் கட்டினால் இந்த உருவம் கிடைத்துவிடும்.

ஆற்றில் என்றால் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்கிறார்கள். ஏரி வெறும் தட்டையான தண்ணீர். எங்கே போடுவது?

மேலே தட்டையாகத் தெரிந்தாலும் அடியில் மேடும் பள்ளமும் உண்டு. கரையை ஒட்டிய ஆழமில்லாத திட்டில் சூரிய ஒளி அடிவரை இறங்கும், பாசியும் செடியும் வளரும், பூச்சிகள் பெருகும். அந்தத் திட்டு சட்டென்று ஆழமாகும் விளிம்புதான் டிரவுட்டின் நடைபாதை. தின்ன மேலே வரும், பயந்தால் ஆழத்துக்கு ஓடும். 3 முதல் 6 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் தொடங்குங்கள்.

படகின் முன்னும் பின்னும் ஒவ்வொரு நங்கூரம் போடுங்கள். ஒரே நங்கூரம் என்றால் காற்றில் படகு சுற்றிக்கொண்டே இருக்கும், ஃப்ளையும் இழுபடும். நிஜக் கூட்டுப்புழு அப்படி ஓடாது.

என்ன தூண்டில் வாங்க வேண்டும்?

9 அல்லது 10 அடி நீளமுள்ள 6-ஆம் எண் ஃப்ளை கோல், மிதக்கும் லைன் ஒன்று, ரீல். லைனின் நுனியில் கட்டும் கண்ணுக்குத் தெரியாத நரம்பை லீடர் என்பார்கள். அதில் ஒரு சிறு தக்கையை மாட்டி, ஃப்ளை ஏரியின் அடித்தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கும்படி ஆழத்தை அளந்து வைக்க வேண்டும். தக்கை அமிழ்ந்தால் கோலைத் தூக்குங்கள். முதல் நாளிலேயே மீன் கிடைக்கும் முறை இது.

நரம்பின் வலுவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 6 பவுண்டு தாங்கும் நரம்பு போடுங்கள். காரணத்தைக் கீழே, மீனைக் களைப்படையச் செய்வது பற்றிய கேள்வியில் சொல்கிறேன். கைவலை வாங்கும்போது ரப்பர் வலையாகப் பார்த்து வாங்குங்கள். முடிச்சுப் போட்ட நைலான் வலை செதிலை உரிக்கும், துடுப்பைக் கிழிக்கும்.

எனக்கு லைனைத் தூரமாக வீசத் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. தக்கை முறைக்குப் படகிலிருந்து 10 மீட்டர் போதும்.

உரிமம் கட்டாயமா? பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டுமா?

16 வயதும் அதற்கு மேலும் என்றால் கட்டாயம். உரிம ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 வரை. மாகாணத்தில் வசிக்கும், 16 வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தேவையில்லை. ஆனால் விதிகள் ஏரிக்கு ஏரி மாறும். சில ஏரிகளில் ஒற்றை முள் மட்டும், சிலவற்றில் இரைக்குத் தடை, சிலவற்றில் பிடித்த எல்லாவற்றையும் விட்டாக வேண்டும். புறப்படும் முன் அந்த ஏரியின் பெயரைத் தேடி அந்த ஆண்டுக்கான விதியைப் படித்துவிடுங்கள்.

பிடிப்பதே தின்னத்தானே? திரும்ப விடுவதில் என்ன அர்த்தம்?

தின்னுங்கள். விதி அனுமதிக்கும் ஏரியில், அனுமதித்த எண்ணிக்கைக்குள், வீட்டுக்குத் தேவையான மீனைக் கொல்வதில் தவறே இல்லை. எலுமிச்சையும் மிளகும் போதும், டிரவுட் அருமையான மீன். எடுப்பதென்று முடிவு செய்தால் உடனே தலையில் ஒரே அடியாக அடித்துக் கொன்றுவிடுங்கள். வாளியில் துடிக்க விடாதீர்கள்.

ஆனால் ஓர் ஏரி தாங்கக்கூடிய பெரிய மீன்களின் எண்ணிக்கை குறைவு. இந்த ஏரிகளில் பலவற்றில் முட்டையிட ஏற்ற ஓடையே கிடையாது. மாகாணத்தின் நன்னீர் மீன்வளச் சங்கம் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறது. ஒரு குஞ்சு 50 சென்டிமீட்டர் மீனாக வளரச் சில ஆண்டுகள் ஆகும். அதை விட்டால் இன்னொருவருக்கும் கிடைக்கும். செத்துப்போகும்படி விட்டால் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. எடுப்பதா விடுவதா என்பதைத் தூண்டில் போடும் முன்பே தீர்மானியுங்கள். மீன் கையில் துள்ளும்போது யோசித்தால், யோசிக்கும் நேரம் முழுவதும் அதன் மூச்சுக் கணக்கில் போகும்.

அண்ணா, முள்ளின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் மீன் தப்பிவிடாதா?

முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சிறு கூர்தான் எதிர்முள். குறடால் அதை அழுத்திப் படிய வைத்துவிடுங்கள் தம்பி. நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் மீன் அபூர்வமாகத்தான் தப்பும். தப்பினால்தான் என்ன, எப்படியும் விடப்போகிற மீன்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்முள் இல்லாத முள் தண்ணீருக்குள்ளேயே ஒரு திருப்பலில் கழன்று வந்துவிடும். மீனைத் தொடவே வேண்டியதில்லை. உங்கள் காதிலோ விரலிலோ குத்தினாலும் அதே சுலபம். காற்றடிக்கும் நாளில் படகில் இருவர் வீசும்போது இது நடக்கும்.

டிரவுட் வழுக்குகிறது. துணியால் பிடித்தால் ஆகாதா?

ஆகாது. அந்த வழுவழுப்புதான் மீனின் காப்பு. பூஞ்சையும் நுண்ணுயிரும் தோலைத் தொடாமல் காப்பது அந்தப் படலம்தான். துணியோ, உலர்ந்த கையோ, வெயிலில் காய்ந்த படகுத் தளமோ பட்டால் உரிந்துவிடும். சில நாள் கழித்து அந்த இடத்தில் பஞ்சுபோல் பூஞ்சை பூக்கும்.

முதலில் கையை நனையுங்கள். பூச்சி விரட்டியோ வெயில் காப்புக் களிம்போ பூசியிருந்தால் கழுவிவிட்டு நனையுங்கள். மீனைக் கைவலையோடு தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கை வாலடியில், மறு கை முன்துடுப்புகளுக்கு அடியில், அழுத்தாமல் ஏந்துங்கள். மீனின் இதயம் தொண்டைக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே இறுக்காதீர்கள். செவுளுக்குள் விரல் விடவே கூடாது.

ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

உங்களால் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க முடிகிற நேரம் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்து மூச்சடக்குகிறீர்கள், மீனோ உயிருக்குப் போராடிவிட்டு வந்திருக்கிறது.

செவுளில் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய இதழ்களை விரித்து வைத்திருப்பது தண்ணீர்தான். வெளியே எடுத்தவுடன் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் மீனால் எடுத்துக்கொள்ள முடியாது. 1992-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ரெயின்போ டிரவுட்டைத் தொட்டியில் களைத்துப்போகும்வரை விரட்டிப் பார்த்தார்கள். காற்றில் வைக்காதவற்றில் 12 விழுக்காடு இறந்தன. 30 நொடி வைத்தவற்றில் 38 விழுக்காடு. 60 நொடி வைத்தவற்றில் 72 விழுக்காடு. அது ஆய்வகத்தில் மிகக் கடுமையாகக் களைக்கவைத்த மீன்களின் கணக்கு, ஏரியில் அப்படியே பொருந்தாது. ஆனாலும் 30 நொடிக்கும் 60 நொடிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பாருங்கள்.

என் வழக்கம் இது: கேமரா தயாராகும்வரை மீன் வலைக்குள் தண்ணீரில் இருக்கும். தூக்குபவர் சொன்னதும் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு முறை மேலே, ஒரு படம், உடனே கீழே. படம் சரியாக வரவில்லையா, போகட்டும். வலைக்குள் நீந்தும் மீனை மேலிருந்து எடுத்தால் இன்னும் அழகாக வரும், முதுகின் புள்ளிகள் அத்தனையும் தெரியும்.

மீன் நன்றாகக் களைத்த பிறகு இழுத்தால்தானே அடங்கி வரும்?

அடங்கி வருவது உங்களுக்கு வசதி, மீனுக்குக் கேடு. ஓடி ஓடித் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ரத்தத்தின் சமநிலை குலைகிறது. அது சீராகப் பல மணி நேரம் ஆகும். மெல்லிய நரம்பில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டிப் பிடித்த மீன், கையில் வரும்போதே பாதி செத்த மீன்.

வலுவான நரம்பு போடச் சொன்னது இதனால்தான். கோலை நேர்மேலே தூக்கிப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி, மீன் போகும் திசைக்கு எதிராக இழுங்கள். தலை திரும்பும், சீக்கிரம் அடங்கும். முதல் ஓட்டத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள். கம்லூப்ஸ் டிரவுட் தண்ணீரைவிட்டு எகிறும்போது கோல் நுனியைத் தாழ்த்துங்கள்.

விட்டவுடன் சர்ரென்று போய்விட்டது. பிழைத்துவிட்டது என்றுதானே பொருள்?

பொருள் அதுவல்ல. போக முடிந்தது என்பது மட்டுமே தெரியும். களைப்பாலும் மூச்சுத்திணறலாலும் வரும் சாவு பெரும்பாலும் சில மணி நேரம் கழித்து, ஆழத்தில் நடக்கிறது. மேலே சொன்ன ஆய்வில் இறந்தவையும் 12 மணி நேரத்துக்குள் இறந்தவைதான். எனவே போகிற வேகத்தை நம்பாதீர்கள். எவ்வளவு நேரம் இழுத்தேன், எவ்வளவு நேரம் வெளியே வைத்தேன், தண்ணீர் எவ்வளவு சூடு என்ற மூன்றையும் பாருங்கள்.

விட்டால் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது. என்ன செய்ய?

ஆறு என்றால் ஓட்டத்துக்கு எதிரே தலையைக் காட்டிப் பிடித்தால் நீரே செவுளில் புகும். ஏரியில் ஓட்டம் இல்லை. வாலடியைப் பிடித்து, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, நேராக நிறுத்துங்கள். மெதுவாக முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள், எட்டு வடிவத்தில் வளைத்துக்கொண்டே போகலாம். முன்னும் பின்னுமாக ஆட்டுவதை எங்கும் பார்க்கிறேன். பின்னோக்கி இழுத்தால் தண்ணீர் தலைகீழ் வழியாகச் செவுளில் புகுகிறது. அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செவுள் மூடி சீராகத் திறந்து மூடுகிறதா, வாலில் இறுக்கம் வருகிறதா என்று பாருங்கள். கையை உதறிக்கொண்டு தானாகப் போகும்போது விடுங்கள். தள்ளிவிடாதீர்கள்.

முள்ளை விழுங்கிவிட்டது. எப்படி எடுப்பது?

எடுக்காதீர்கள். முள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நரம்பை வாய்க்கு அருகே வெட்டிவிட்டு மீனை விடுங்கள். தோண்டி எடுப்பதைவிட இப்படி விட்ட மீன்களே அதிகம் பிழைக்கின்றன. பல மீன்கள் முள்ளைத் தாமே வெளியேற்றியும் விடுகின்றன. ஃப்ளையில் இது அரிது. புழு கோர்த்தால் அடிக்கடி நடக்கும், ஏனென்றால் புழுவில் ருசி இருப்பதால் மீன் துப்பாமல் விழுங்கிவிடுகிறது. விடுவதற்காகப் பிடிக்கும்போது இரை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

செவுளிலிருந்து ரத்தம் வருகிறது. விடுவதா, எடுப்பதா?

தாடையில் துளி ரத்தம் என்றால் கவலையில்லை. செவுளிலிருந்து கொட்டினால் பிழைப்பது கடினம். அந்த ஏரியில் எடுக்க அனுமதி இருந்தால் எடுத்து உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அன்று ‘எல்லாவற்றையும் விடுவேன்’ என்று நினைத்து வந்திருந்தாலும் சரி.

விட்டே ஆகவேண்டிய ஏரி என்றால், சாகும் என்று தெரிந்தாலும் விடத்தான் வேண்டும். மனத்துக்குக் கஷ்டமாக இருக்கும். கனடாவின் மீன்பிடி விதி, வைத்துக்கொள்ளக் கூடாத மீனை உடனே, பிடித்த இடத்திலேயே, உயிரோடு இருந்தால் குறைந்த தீங்குடன் விடச் சொல்கிறது.

ஆழத்திலிருந்து இழுத்தால் காற்றுப்பை ஊதி வயிறு வீங்காதா? ஊசியால் குத்த வேண்டுமா?

டிரவுட்டை ஒருபோதும் குத்தாதீர்கள். அதன் காற்றுப்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே குழாய் இருக்கிறது. மேலே வரும்போது காற்றை வாய் வழியாக விட்டுவிடும், வலைக்குள் குமிழி விடுவதைப் பார்க்கலாம். அந்தக் குழாய் இல்லாத பெர்ச் போன்ற மீன்களுக்குத்தான் அந்தத் தொல்லை.

ஜூலை, ஆகஸ்டில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்போது வரலாமா?

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பதிலைத்தான். படகில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம், 20 டிகிரியில் சுமார் 9. இந்த ஏரிகள் பல 1000 மீட்டருக்கு மேல் இருப்பதால் இன்னும் குறைவு. அதே நேரத்தில் சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது. கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலடுக்கு சூடு. செழிப்பான ஏரியென்றால் அடியடுக்கில் மக்கும் செடிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நடுவே உள்ள மெல்லிய பட்டையில்தான் டிரவுட் ஒண்டிக் கிடக்கிறது. அங்கிருந்து ஒன்றை இழுத்து, மேலுள்ள சூட்டு நீரில் களைக்கவைத்து, அதே சூட்டு நீரில் விடுகிறோம். தன் இடத்துக்குத் திரும்ப அது கீழே நீந்த வேண்டும்.

மேல்நீர் 18 டிகிரியைத் தொட்டால் அதிகாலையில் மட்டும் பிடியுங்கள். 20-ஐத் தொட்டால் விடுவதற்காகப் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். வேண்டுமானால் சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு பிடித்து முடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளை நீந்த விடுங்கள், அந்தச் சூடு அவர்களுக்குச் சுகமாக இருக்கும். பனி உருகி முடியும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையும், பிறகு செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம்.

அப்படியானால் குளிர் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே?

தண்ணீர் குளிர்ந்தால் நல்லது, காற்று உறைநிலைக்குக் கீழே போனால் கெடுதல். செவுளும் கண்ணும் நொடிகளில் உறையும். அந்த நாட்களில் மீனைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவரவே வேண்டாம்.

மேமாதம் பிடித்த ஒன்று கறுத்து, வயிறு தளர்ந்து இருந்தது. நோயா?

நோயல்ல, இனப்பெருக்கக் காலம். ரெயின்போ டிரவுட் வசந்தத்தில் முட்டையிடும். ஆண்கள் கறுத்துச் சிவந்திருக்கும், தாடை வளைந்திருக்கும். கரையோரச் சரளையிலும் ஓடை வாயிலும் கூட்டமாக நிற்பவை இவைதான். அவற்றின்மேல் ஃப்ளை வீசாதீர்கள். தெரியாமல் மாட்டினால் தண்ணீரிலேயே கழற்றிவிடுங்கள்.

முட்டையிட ஓடை இல்லாத ஏரிகளில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட மலட்டு மீன்களையும் விடுகிறார்கள். கருவுற்றவுடன் முட்டைகளுக்கு அழுத்தம் கொடுத்து இப்படி உருவாக்குவார்கள். அவை இனப்பெருக்கத்தில் சக்தியைச் செலவிடுவதில்லை, வசந்தத்திலும் வெள்ளியாக மின்னும்.

மீனுக்கு வலிக்காதா? வலிக்குமென்றால் விளையாட்டுக்காகப் பிடிப்பது பாவமில்லையா?

வலிக்காது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். 2003-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள், காயத்தை உணரும் நரம்பு முனைகள் ரெயின்போ டிரவுட்டின் முகத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அதை நாம் உணரும் வலியோடு ஒப்பிடலாமா என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் விடுவதற்காகவே மீன் பிடிப்பது 2009 முதல் சட்டப்படி தடை. பிடித்தால் தின்பதற்காக மட்டும் பிடி என்பது அவர்கள் நியாயம். அதை மறுக்க என்னிடம் வலுவான வாதம் இல்லை.

என் நிலை இது: பிடிக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறேன். காலையிலேயே நன்றாகக் கிடைத்துவிட்டால் கோலை மடக்கிவிட்டு லூன் பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை பிடித்து விட்டாலும் கெடுதல் இல்லை என்று நினைப்பவரோடு எனக்கு ஒத்துப்போகாது. 30 மீனை விட்டவர் ஒன்றிரண்டையாவது கொன்றிருப்பார், எடுத்துப்போய்ச் சமைத்தவரைவிட அவர் உயர்ந்தவர் அல்லர்.

ஒரே நாளில் இரண்டு ஏரிகளுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் படகு, மிதவை, காலணி, வலை எல்லாவற்றிலும் உள்ள சேற்றையும் செடியையும் கழுவி, தண்ணீரை வடித்து, உலர்த்திய பிறகு. டிரவுட் குஞ்சுகளின் எலும்பைக் கோணலாக்கிச் சுற்றிச் சுற்றி நீந்தவைக்கும் சுழல்நோய் 2023-இல் இந்த மாகாணத்தின் யோஹோ தேசியப் பூங்காவில் கண்டறியப்பட்டது. சேற்றோடு ஒட்டிக்கொண்டு பயணம் போகும் நோய் அது.

ஊருக்குப் போகும்போது நீலகிரியில் இதைச் செய்யலாமா?

நீலகிரியில் இருப்பதும் ரெயின்போ டிரவுட்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது, அவலாஞ்சியில் அப்போதே குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். ஆனால் அவலாஞ்சி, மேல்பவானி நீர்நிலைகள் காப்புக்காட்டுப் பகுதியில் இருக்கின்றன. வனத்துறையிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெறாமல் கோலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அனுமதி கிடைத்தால் மேலே சொன்ன அத்தனையும் அங்கேயும் பொருந்தும், தெர்மாமீட்டர் உட்பட. வெயில் ஏறிய பிறகு அணைக்கட்டு நீரின் மேற்பரப்பில் அதை ஒரு நிமிடம் தோய்த்துப் பார்த்துவிட்டு, பிடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.